ஊஞ்சல் சங்கிலியை யார் மாற்ற வேண்டும்?

கடலூரில் எங்கள் நகருக்குள் சிறு பூங்கா ஒன்று இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஆறு சிமெண்ட் பெஞ்சு, நடுவில் ஒரு புங்கமரம், சொத்து அவ்வளவுதான். ஓர் ஐப்பசி அடைமழைக்குப் பிறகு ஊஞ்சல் சங்கிலி ஒரு பக்கம் துருவேறி அறுந்து தொங்கியது. பக்கத்து வீட்டு ஆயா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, “தம்பி, தினமும் பேப்பர் படிக்கிறீர்கள். இதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள்” என்றார். எனக்குத் தெரியவில்லை.

முதலில் போன அலுவலகத்தில், அது வேறு திட்டத்தில் கட்டியது, எங்கள் கணக்கில் வராது என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில், நாங்கள் கட்டி முடித்து ஒப்படைத்தாகிவிட்டது என்றார்கள். மூன்றாவது இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, “சார், அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு வாருங்கள்” என்றார். சில நூறு ரூபாய்ச் சங்கிலிக்கு நிலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டுமா என்று எரிச்சலாகத்தான் இருந்தது. பார்த்த பிறகுதான், பொதுப் பூங்கா என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பொருளுக்குள் எவ்வளவு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூங்கா என்பது பூவும் காவும் சேர்ந்த சொல். கா என்றால் சோலை. திருவானைக்கா என்ற ஊர்ப்பெயரில் இருப்பதும் அதே கா. ஆனால் மரமும் பூவும் இருக்கும் இடமெல்லாம் பொதுப் பூங்கா ஆகிவிடாது. கோயில் நந்தவனம் சுவாமிக்கு உரியது. அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்வெளி அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்கு உரியது. ஒரு மரம்கூட இல்லாத வெறும் மணல் திடலோ, இந்த வெளி பொதுமக்களின் பொழுதுபோக்குக்கு என்று அரசுத் தாளில் எழுதியிருந்தால், சட்டத்தின் கண்ணில் பாதுகாக்கப்பட்ட இடம். ஆகவே தாளில்தான் தொடங்க வேண்டும். ஒரு பூங்காவைப் பார்த்தால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். நிலம் யாருடையது? பெருக்கித் தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பது யார்? எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பது, என்ன கட்டணம், எதற்குத் தடை என்று விதி வகுப்பது யார்? மூன்றுக்கும் ஒரே பதில் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் மூன்றும் மூன்று கைகளில் இருக்கின்றன.

மனைப்பிரிவில் பிறக்கும் பூங்கா

நகர்ப்புறத்தில் நாம் காணும் சின்னப் பூங்காக்களில் பல, யாரோ பெரிய மனது வைத்துக் கொடுத்தவை அல்ல; சட்டம் வாங்கித் தந்தவை. விளைநிலத்தையோ தோப்பையோ மனைகளாகப் பிரித்து விற்க வேண்டுமானால், நகர ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, நிலம் 3,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது நம் கணக்கில் சுமார் 74 சென்ட்டுக்கு மேல் போனால், சாலைகள் நீங்கலாக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டித் தப்பித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் நிலத்தையே கொடுத்தாக வேண்டும். கொடுப்பது என்றால் வரைபடத்தில் பச்சை வண்ணம் அடிப்பது மட்டுமில்லை. தானப் பத்திரம் எழுதி, பதிவு செய்து, உள்ளாட்சி அமைப்பின் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து ஏக்கர் நிலம், 500 சென்ட். சாலைக்கு 150 சென்ட் போனதாக வைத்துக்கொண்டால் மீதி 350. அதில் பத்தில் ஒரு பங்கு 35 சென்ட். கிரவுண்டுக் கணக்கில் ஆறுக்குச் சற்று மேல். நாலைந்து தெருக் குழந்தைகள் ஓடியாட அது தாராளமான இடம்.

அது எங்கே அமைகிறது என்பதில்தான் சூட்சுமம். வரைபடம் போடுகிறவர் விற்கிறவரின் ஆள். முகப்பில், அகலச் சாலையை ஒட்டி இருக்கும் மனை நல்ல விலைக்குப் போகும். அதனால் உயர் மின்அழுத்தக் கம்பி போகும் மூலை, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளம், முக்கோணமாக மிஞ்சிய துண்டு ஆகியவை பூங்காவுக்கு ஒதுங்குவதைப் பார்க்கிறேன். கெடிலமும் பெண்ணையாறும் கடலில் சேரும் இந்த ஊரில் பள்ளமான இடத்துக்குப் பஞ்சமில்லை. வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தில் நாலு எல்லையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் “பூங்கா” என்று எழுதிய கட்டத்தை ஒரு முறைகூடப் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்கவில்லை.

பத்திரம் பதிவாகாமல் போனால் வம்பு தொடங்குகிறது. பதிவேட்டில் நிலம் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். சீமைக்கருவேலம் மண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அவருடைய வாரிசு வந்து வேலி போடுவார். அப்போது எல்லோரும் கூடி நின்று, இது பூங்கா இடம் ஆயிற்றே என்பார்கள்.

பூங்காவைத் தின்னும் நல்ல காரியங்கள்

பூங்கா நிலத்தைப் பறிப்பவர் ஆக்கிரமிப்பாளர் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் நல்ல காரியங்கள்தான் பூங்காவைத் தின்கின்றன. இதற்குச் சென்னையை விடப் பெரிய சான்று கிடையாது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கரில் மக்கள் பூங்கா ஒன்றை ஏற்படுத்தினார். மக்கள் வரிப்பணத்தில் மக்களுக்காகவே அமைத்த பூங்கா என்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் பூங்கா 1847இல் திறக்கப்பட்டு, அப்போது பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த வகையில் சென்னை பின்தங்கிவிடவில்லை. பிறகு என்ன ஆயிற்று? விக்டோரியா பொது அரங்கம் வந்தது. மூர் மார்க்கெட் வந்தது. மாநகராட்சிக்கே ரிப்பன் மாளிகை வந்தது. விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான். யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 116 ஏக்கர் எங்கே என்று கேட்டால் மை லேடீஸ் பூங்கா என்ற ஒரு துண்டைத்தான் காட்ட முடியும்.

இதைத் தடுக்கவே தமிழ்நாட்டில் 1959இல் ஒரு சட்டம் வந்தது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கான சட்டம். உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் இத்தகைய இடங்களைப் பட்டியல் போட்டு, வரைபடத்துடன் அரசுக்கு அனுப்ப வேண்டும். பட்டியல் ஏற்கப்பட்டு வெளியான பின், அரசின் முன் அனுமதி இல்லாமல் அந்த இடத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. நல்ல சட்டம்தான், பட்டியல் போட்டால்.

நீதிமன்றமும் இதில் ஒரு முக்கியமான சொல் சொல்லியிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் மக்களுக்கு நல்லதுதானே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1991இல் ஏற்கவில்லை. ஒரு காலத்தில் அரசரும் பிரபுக்களும் மட்டும் அனுபவித்த தோட்டம் சாதாரண மனிதனுக்கும் கிடைத்ததே பொதுப் பூங்கா. அது பொதுமக்களின் தேவைக்காக ஒதுக்கப்பட்டது, அதைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இன்றும் பூங்கா வழக்குகளில் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

உள்ளூர்ப் பூங்காக்களின் பொறுப்பு உள்ளாட்சிக்கு வந்ததற்கும் ஓர் அடிப்படை உண்டு. 1992இன் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் மாநிலங்கள் ஒப்படைக்கக்கூடிய 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அதில் 12ஆவது பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த கடலூருக்கும், புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளுக்கும் இது பொருந்தும்.

முள்ளோடை தாண்டினால்

உள்ளாட்சிக்கு மேலே மாநில அரசு வைத்திருக்கும் இடங்கள் தனி உலகம். இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம். கடலூரில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனால் போதும்.

கிளம்புவதற்கு முன் கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தை எட்டிப் பாருங்கள். ஊருக்கு நடுவில் இருந்தாலும் அது மாநகராட்சியின் இடம் அன்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. தெற்கே பிச்சாவரம் போனால் இன்னும் குழப்பம். அலையாத்திக் காடு வனத் துறையுடையது. படகு விடுவதோ தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். 2022 முதல் அது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. துடுப்புப் போடுகிறவர் ஒரு குறுகிய கால்வாய்க்குள் போக மறுத்தால் பிடிவாதம் என்று நினைக்கக் கூடாது. படகின் எசமானர் ஒருவர், மரத்தின் எசமானர் வேறொருவர்.

வடக்கே வந்து முள்ளோடையில் எல்லை தாண்டினால் அரசே மாறிவிடுகிறது. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாம், புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. கழகம் என்றால் வருமானம் பார்க்கும் நிறுவனம். எனவே நுழைவுச் சீட்டு, படகுக் கட்டணம், சிற்றுண்டிச் சாலை எல்லாம் உண்டு. உள்ளூர்ப் பூங்காவின் வாசலில் இதே கட்டணத்தைக் கேட்டால் நாம் சண்டைக்குப் போவோம். இங்கே கேள்வி இல்லாமல் கொடுக்கிறோம். காரணம், ஒன்றை அன்றாடத் தேவையாகவும் மற்றதை விடுமுறைச் செலவாகவும் நம் மனமே பிரித்து வைத்திருக்கிறது.

நகருக்குள் நுழைந்தால் தாவரவியல் பூங்கா. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. எந்தெந்த வெளிநாட்டுப் பயிர் இந்த மண்ணில் வரும் என்று பார்ப்பதற்கான சோதனைத் தோட்டமாக இருந்தது. பெரோத்தே என்ற தாவரவியலாளர் இங்கே உலகின் பல மூலைகளிலிருந்து செடிகளைக் கொண்டுவந்து வளர்த்தார். அந்தப் பழைய தொடர்பினால்தான் இன்றும் அது நகராட்சியிடம் இல்லாமல் வேளாண் துறையிடம் இருக்கிறது. சிறுவர் ரயிலும் மீன் காட்சியகமும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலில் விழுந்த பழைய மரங்களைக் கணக்கெடுத்தவர்களுக்கு அது ரயில் விடும் இடமாகத் தோன்றியிருக்காது.

பாரதி பூங்காவுக்குப் போனால் நான் கொஞ்ச நேரம் உட்காருவேன். ஒரு புறம் ஆளுநர் மாளிகை, ஒரு புறம் சட்டமன்றம். நடுவில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நாம். வெள்ளை ஆயி மண்டபத்தின் கதை தெரிந்ததுதான். ஆயி என்ற தாசியின் விளக்கொளி வீசும் மாளிகையைக் கோயில் என்று எண்ணி விசயநகர மன்னர் கும்பிட்டுவிட, உண்மை தெரிந்து அவர் அதை இடிக்கச் சொல்ல, ஆயி தானே இடித்து அங்கே குளம் வெட்டினாளாம். முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்த பின்னர், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இந்த மண்டபம் எழுந்தது. அதுவே இன்று புதுச்சேரி அரசின் சின்னம். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் அடைக்கலமாக வாழ்ந்த கவிஞரின் பெயர் பூங்காவுக்கு. ஆளுநர் வீட்டு வாசலில் யார் வேண்டுமானாலும் துண்டை விரித்துப் படுக்கலாம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். பெங்களூர் வழக்கில் நீதிபதிகள் சொன்னது இந்தக் காட்சியைத்தான்.

இன்னும் மேற்கே ஊசுடு ஏரி. இதில் வேடிக்கை, ஏரியின் நடுவிலேயே மாநில எல்லை ஓடுகிறது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பகுதியைச் சில ஆண்டுகள் கழித்துத்தான் அறிவித்தது. பூநாரைக்கு இது தெரியாது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தக் கரையில் இருந்தால் பாதுகாப்பு, அந்தக் கரையில் இறங்கினால் இல்லை என்ற நிலையில் அது நின்றுகொண்டிருந்தது.

சரணாலயத்தையும் பூங்காவையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் உண்டு. தேசியப் பூங்கா என்ற சொல்லும் அந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் இடங்களில் விலங்கும் பறவையும்தான் வீட்டுக்காரர், நாம் விருந்தாளி. கிண்டியில் தேசியப் பூங்காவும் சிறுவர் பூங்காவும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. சிறுவர் பூங்காவில் டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம். காட்டுக்குள் அப்படி நுழைய முடியாது.

கடற்கரை எந்த வகை என்று கேட்டால், எதிலும் சேராது. அலை வந்து போகும் பகுதி யாருக்கும் பட்டா ஆகாது. கரையோரம் எதைக் கட்டலாம் என்பதை மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தீர்மானிக்கிறது. தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை கடலூர்க்காரர்களின் மாலைநேரக் கூடம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு தடுப்புக் கம்பியை இழுத்துப் போட்டால் சாலையே பூங்கா ஆகிவிடுகிறது. செலவு குறைந்த பூங்கா எது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. தண்ணீரின் தூய்மை முதல் உயிர்காப்பாளர் வரை 33 அளவுகோல்களில் தேற வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது

திறப்பு விழாவில் ஜொலித்த பூங்கா இரண்டே ஆண்டில் காய்ந்து போவது ஏன்? கல்யாணத்துக்குக் கடன் கிடைக்கும், குடித்தனத்துக்கு யார் கொடுப்பார்? கட்டுவதற்கு வரும் பணம் வேறு, நடத்துவதற்கு வேண்டிய பணம் வேறு. 2015இல் மத்திய அரசு 500 நகரங்களுக்குத் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் கடலூரும் புதுச்சேரியும் இருந்தன. குடிநீரும் கழிவுநீருமே முதன்மை. திட்டச் செலவில் 2.5 விழுக்காடு வரை பூங்காவுக்கும் பசுமைவெளிக்கும் ஒதுக்க இடம் இருந்தது. இப்படி வரும் பணத்தில் சுற்றுச்சுவர், நடைபாதை, சறுக்குமரம், வண்ணவிளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் வந்துவிடும். ஒப்பந்தக்காரர் குறிப்பிட்ட காலம் பார்த்துக்கொண்டு விலகிவிடுவார். அதற்குப் பிறகு காவலாளி சம்பளம், மோட்டார் மின்கட்டணம், புல் வெட்டும் கூலி எல்லாம் சொத்து வரியும் மானியமும் சேர்ந்த உள்ளாட்சிக் கருவூலத்திலிருந்து வர வேண்டும். அங்கே குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, கொசுமருந்து எல்லாம் முன்னால் நின்றுகொண்டிருக்கும். பூங்கா வரிசையின் கடைசியில்.

அதனால்தான், புதிய பூங்கா கேட்டு மனுக் கொடுக்கிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு: ஊஞ்சலைக் குறைத்துக்கொண்டு மரத்தைக் கூடுதலாகக் கேளுங்கள். புங்கனும் வேம்பும் மூன்று கோடை தாண்டிவிட்டால் யார் தயவும் இல்லாமல் நிழல் கொடுக்கும். பச்சைக் கம்பளம் போன்ற புல்லுக்கு நம் ஊர் வெயிலில் தினமும் தண்ணீர் வேண்டும்.

இனி ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். நிலம் யாருடையது என்பதை நகர நில அளவைப் பதிவேட்டில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் இணையத்திலேயே கிடைக்கிறது. மனைப்பிரிவு வரைபடமும் தானப் பத்திரத்தின் நகலும் வேண்டுமானால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். பராமரிப்புக்கு வார்டு கவுன்சிலரிடமும், ஆண்டுதோறும் நவம்பர் 1 உள்ளாட்சி தினம் போன்ற நாள்களில் கூடும் பகுதி சபையிலும் கேட்கலாம். புதுச்சேரியில் இந்த வழி கொஞ்சம் அடைபட்டது. அங்கே 1968க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின் நெடுங்காலம் அதிகாரிகளே நிர்வாகத்தைப் பார்த்தார்கள். வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சங்கிலியைப் பற்றிப் பேச வழியில்லாத ஊரில், அதே புகார் ஆணையருக்கு எழுதும் மனுவாகவோ சட்டமன்ற உறுப்பினரின் அலுவலக வாசலாகவோதான் உருமாற வேண்டியிருக்கிறது.

நான் 10 ரூபாய் கட்டினேன். பதில் வந்தது. எங்கள் பூங்காவுக்குத் தானப் பத்திரம் பதிவாகியே இருந்தது; ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிந்தும் வெகு நாள் ஆகியிருந்தது. அந்தக் காகிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போனபோது யாரும் என்னை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. மாசி மாதம் ஒரு காலையில் இரண்டு பேர் வந்து புதுச் சங்கிலி மாட்டிவிட்டுப் போனார்கள். ஆயாவின் பேத்திதான் முதலில் ஏறினாள். இப்போது உட்காரும் பலகையில் விரிசல் தெரிகிறது. அதற்கு நான் இன்னும் மனு எழுதவில்லை.